ரயில் தோட்டத்தில் க்ரால் வீடு

பால்டிமோர்,
1958 டிசம்பர் 9.

அன்புத் தம்பி லியோனுக்கு,

அக்கா வான்டா எழுதுவது. நான் நலம். ஸ்க்ரான்டனில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பனி கொட்டத் தொடங்கிவிட்டதா? இரண்டு கடிதம் போட்டும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

முதலில் அவசரமான விஷயம். தீயணைப்பு நிலையத்தில் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குப் போடும் பொம்மை ரயில் தோட்டத்தை வரும் சனிக்கிழமை திறக்க வேண்டும். தீயணைப்பு வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே மேசைகளைப் போட்டாகிவிட்டது. மலை, பாலம், துறைமுகம், நம் தெருவின் வீடுகள் எல்லாம் வரிசையாக ஏறிவிட்டன. ஆனால் சரக்கு ரயிலை ஓடவிட்டால் டிராம் பின்னால் போகிறது. உன்னோடு வேலை பார்த்த ஹெர்மன் ஷ்லீ மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இந்த லியோன் பய கம்பி இழுத்தானா, நூல்கண்டைச் சிக்காக்கினானா?" என்று கத்துகிறான். கேப்டன் டுகன், "உன்னால முடியலன்னா வெளிய வாடா. அவன் வந்து பாத்துக்குவான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உதவிக்குப் போயிருந்த நான் காப்பிக் கோப்பைகளைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன்.

இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் போய்ப் பார்க்கிறேன். ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் தெரு ஜோசப், ஒட்டிலியா க்ரால் தம்பதியின் வீட்டைப் போலவே நீ செய்த பொம்மை வீடு நினைவிருக்கிறதா? அட்டையில் செங்கல் வரைந்து, வெள்ளைப் படிகள் வைத்து, உள்ளே குட்டி பல்பு பொருத்தியிருந்தாயே. பெட்டியைத் திறந்தபோது அதுதான் மேலே இருந்தது. ஒருவரும் தொடவில்லை. "அது வேணாம். அக்டோபர்லதான் நெஜ வீடு எரிஞ்சு போச்சு. அந்தம்மா வந்து பாத்தா என்ன ஆகும்?" என்றார் கேப்டன். அந்த இடத்தில் பனிபோலப் பஞ்சைப் பரப்பி இரண்டு மரங்களை நட்டு வைத்தோம்.

நேற்று மதியம் ஒட்டிலியா க்ரால் நிலையத்துக்கு வந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு முதல் முறையாக. கூடவே மருமகன் ரூடி. தீ அணைந்த அன்று தெருவே பார்க்க, "நடக்க முடியாத மாமாவை விட்டுட்டு அத்தையை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கான், மூளை இருக்கா இவனுக்கு?" என்று உன்னைக் கேட்டவன் அல்லவா? நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரமே தீயணைப்பு வேலையைப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினாய்.

ஒட்டிலியா தெருவின் வீடுகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தவர் அந்தப் பஞ்சருகே நின்றுவிட்டார். "எங்க வீடு எங்கப்பா?" என்றார். ஹெர்மன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "வருசா வருசம் ஜோசப் இங்க நின்னு, நம்ம வீட்ல லைட்டு எரியுது பாருடின்னு காட்டுவாரு. அவரும் போயாச்சு. இதையுமா எடுத்துடுவீங்க?" கேப்டனே போய் வீட்டை எடுத்துவந்தார். ஒட்டிலியா அந்த மரங்களைப் பிடுங்கிவிட்டு, தன் கையாலேயே அதை வைத்தார். பல்பு எரியவில்லை.

பிறகு, "என்னைத் தூக்கிட்டு வந்த பையன் எங்க?" என்று கேட்டார். ஊரை விட்டுப் போய்விட்டான் என்றேன். ஏன் என்றார். நான் ரூடியைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அன்று தெருவில் உன்னைத் திட்டியதை அவனே சொன்னான். அதுவரை ஒட்டிலியாவுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

லியோன், அந்தம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என்னை மொதல்ல தூக்கச் சொன்னது ஜோசப், ரூடி! அந்தப் பையன் ரெண்டு தடவை அவரைத் தூக்கப் பாத்தான். அவளை மொதல்ல கொண்டு போ, நான் இருக்கேன்னு கையைத் தட்டிவிட்டாரு. என் காதால கேட்டேன். இதை அவன் உங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

என்னிடம்கூடச் சொல்லவில்லையே நீ. தனக்காகத்தான் அவர் அங்கே தங்கினார் என்று அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாயா? அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். உனக்காக நான் பட்ட கோபத்தை எல்லாம் உன் மேலேயே காட்டி, கோழை மாதிரி ஓடிவிட்டாய் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதைக் கிழித்துப் போடு.

ரூடி உன் விலாசம் கேட்டான். நான் கொடுக்கவில்லை. "அவன் வருவான். மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றேன். தலையாட்டினான்.

நிலையத்தில் உன் வேலையை ஜனவரி வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கேப்டன் சொல்லியிருக்கிறார். அது இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒட்டிலியா நம் வீட்டுக்கு வந்து கெண்டை மீன் பொரிக்கப் போகிறார். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாடிப்படி இடிஞ்சு விழற வரைக்கும் அவரைத் தூக்க அவன் திரும்பத் திரும்ப ஏறிட்டுதான் இருந்தானாம். ஜோசப் கடைசியா யார்கிட்டயாவது பேசியிருந்தா அவன்கிட்டதான் பேசியிருப்பாரு. என்ன சொன்னாருன்னு நான் வேற யாரைப் போய்க் கேப்பேன்?" என்றார்.

சொல்ல ஏதாவது இருந்தால் வந்து சொல், தம்பி. ஒன்றும் இல்லையென்றாலும் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு. வழியெல்லாம் கர்த்தர் உன்னோடு வருவாராக.

உன் வரவைப் பார்த்திருக்கும் அக்கா,
வான்டா