கடிகாரத்தின் முதுகில் ஒரு குருவி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்குத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம், நம் அருமைத் தாத்தா.

படத்திறப்பு விழாவுக்கு அவருடைய போர்ப் பதக்கத்தைத் துடைத்து வைக்கச் சொன்னாய் அல்லவா? அம்மா வருஷம் தவறாமல் கண்ணாடியைத் துடைத்தாளே தவிர, சட்டத்தை யாரும் பிரித்ததே இல்லை. சட்டம் போடுகிற கடைக்காரர்தான் பிரித்தார். விளிம்பில் ஏதோ பெயர் வெட்டியிருக்கிறதே, இது யாரம்மா என்று கேட்டார். நானும் பார்த்தேன். அது தாத்தா பெயர் இல்லை.

உன் விழா மலருக்காகத்தானே ஆவணக் காப்பகத்துக்கு அலைந்துகொண்டிருந்தேன்? மறுநாளே ஓடினேன். அங்கே வேலை பார்க்கிற பெண் தாத்தாவின் கோப்பை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னாலேயே படித்திருக்கிறாள்.

தாத்தா துப்பாக்கியைத் தொட்டதே இல்லையடா. செத்துப்போன சிப்பாய்களின் சாமான்களைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்புகிற கிடங்கில் அவர் எழுத்தர். பொட்டலம் வரவே இல்லை என்று பதினோரு வீட்டிலிருந்து கடிதம் வந்து, விசாரித்து, வேலையை விட்டு விரட்டியிருக்கிறார்கள். தூ! பிணத்தின் கையிலிருந்து கழற்றியதைப் போய் எடுத்தாரே, இவரும் உப்புப் போட்டுத்தானே சாப்பிட்டார்?

அதில் ஒரு கடிதம், காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் சிப்பாய் ஒருவரின் மனைவி எழுதியது. பதக்கத்தில் இருப்பது அவர் பெயர்தான். பதக்கம் போனாலும் போகட்டும், கைக்கடிகாரத்தையாவது அனுப்புங்கள், மகள் பிறந்த சேதி கேட்ட அன்று அதன் முதுகில் ஒரு குருவி கீறியதாக அவர் எழுதியிருந்தார் என்கிறாள். அப்படி எந்தப் பொருளும் வந்து சேரவில்லை என்று தாத்தா பதில் போட்டிருக்கிறார். உன் கையெழுத்து மாதிரியே முத்து முத்தாக இருக்கிறது.

குண்டு மழைக்கு நடுவில் தாத்தா கீறிய குருவி என்று அப்பா சொல்லி, நாம் வாயைப் பிளந்து கேட்டோமே. உன் கல்யாணத்தன்று அப்பா அந்தக் கடிகாரத்தை உன் கையில் கட்டியபோது நான் அழுதேன்.

போனில் இதைப் பாதி சொல்வதற்குள் நீ என்ன சொன்னாய்? கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போடு, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, செத்தவனுக்கு எதற்குக் கடிகாரம் என்றாய். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அந்தக் குரலைக் கேட்டபோது தாத்தாவே பேசுகிறார் போல அருவருப்பாக இருந்தது. எழுதிவிட்டேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

கடிதத்தில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு நேற்றுப் போனேன். அந்த மகள் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, ஒரு கண் போய்விட்டது. பதக்கத்தைக் கொடுத்து, எங்கள் தாத்தா திருடியது என்றேன். திட்டுவார் என்று நின்றேன். வெயிலில் வந்திருக்கிறாய், உட்கார் என்று மின்விசிறியைப் போட்டார். எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கடிகாரம் தம்பியிடம் இருக்கிறது என்றும் சொன்னேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அந்தக் குருவி பறக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா என்று.

எனக்கு ஞாபகம் வரவில்லை. தினமும் கட்டுகிறாயே, உனக்காவது தெரியுமா?

கழற்றிப் பார், தம்பி. பார்த்துவிட்டு மறுபடி கட்டாதே. விழா மேடைக்கு வருகிறாயோ இல்லையோ, அந்தம்மாவுக்கு இன்னொரு கண் இருக்கும்போதே வந்துவிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டுமே வேண்டுகிற,

உன் அக்கா