இடது பக்கம் என்று எழுதினேன்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். விடைத்தாள் முப்பது திருத்தினேன். பதிப்பகத்திலிருந்து ஒரு வாசகர் கடிதத்தை அனுப்பியிருந்தார்கள். விழுப்புரத்துப் பையன், எட்டாம் வகுப்பு. என் நாவலில் வரும் குகை உண்மையா, சந்திரகிரி மலையில் எந்தப் பக்கம் என்று கேட்கிறான்.

இல்லை, கற்பனை என்று பதில் போட்டேன். பொய்.

செப்டம்பர் 12, வெள்ளி

கீழ்வீட்டில் தம்பி மகள் பிரவீணா என் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். என்னுடையது என்று தெரியாது. புனைபெயரில் வந்தது, தம்பி குடும்பத்தில் யாருக்கும் சொல்லவில்லை. மலைக்குள் உறங்கும் காவற்காரி, அவளை எழுப்பும் வெண்கல மணி, தேடிப் போகும் அக்காவும் தம்பியும். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் எழுதக்கூடிய கதையா என்ற கூச்சம்தான்.

"அத்தை, இந்த மணி நெசமாவே இருந்துச்சா?"

"கதைம்மா அது."

"கதைன்னா அட்ரஸ் மட்டும் ஏன் இவ்ளோ கரெக்டா இருக்குது? புளியமரம், பொளந்த பாறை... தம்பி தருண்கிட்ட சொன்னேன், அவன் இப்பவே கெளம்பலாம்ங்கறான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு, தம்பி பாலமுரளிக்கு எட்டு. ஊர் மலையில் அந்தக் குகையை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். உள்ளே இரண்டு பிளவுகள். இடப்பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டோம். வெகுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதனால் வலப்பக்கம் போனோம். அங்கே அவன் கால் பாறையில் மாட்டிக்கொண்டது. "அக்கா, அக்கா" என்று கத்தினான். நான் ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். விளக்கு வைக்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் ஆடு மேய்க்கிறவர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நானே தனியாத்தான் போனேன்" என்று நைனாவிடம் சொன்னான். முப்பத்தாறு வருடங்களாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாவலில் அக்கா ஓடவில்லை.

இன்னொன்று. யாரும் அந்த இடத்துக்குப் போய்விடக்கூடாது என்று, வலப்பக்கத்தை இடப்பக்கம் என்று மாற்றி எழுதினேன். அங்கே பள்ளம் இருப்பது தெரிந்தும். யார் போகப்போகிறார்கள் என்ற நினைப்பு.

செப்டம்பர் 20, சனி

தருணின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கம்: புளியமரம், பிளந்த பாறை, இடப்பக்கம் ஓர் அம்புக்குறி. பத்து வயதுப் பையன் வரைந்த படம்.

போகக்கூடாது என்றேன். "சும்மா வரைஞ்சேன் அத்தை." ஏன் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நாவல் என்னுடையது என்று தெரியும், பாலமுரளி படிப்பான். படித்தால் — எதற்குப் பயப்படுகிறேன் நான்? பள்ளத்துக்கா, அவனுக்கா?

அக்டோபர் 1, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று ஆயுத பூஜை. தம்பியின் இரும்புக் கடையில் தராசு, கடப்பாரை, கயிற்றுக் கட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வீட்டில் பிள்ளைகளின் புத்தகங்களைப் பூஜையில் அடுக்கியாயிற்று. நாளைவரை தொடக்கூடாது. மூன்று மணிக்குத் தம்பி மனைவி மங்கை மாடிக்கு வந்தாள். "பசங்க மேல இருக்காங்களா அண்ணி? சுண்டல் குடுத்துட்டு வரோம்னு பன்னண்டு மணிக்குப் போனதுங்க."

பூஜை அடுக்கைப் போய்ப் பார்த்தேன். கணக்கு, அறிவியல், அட்லஸ். என் நாவல் மட்டும் இல்லை.

கடைக்கு ஓடினேன்.

"பாலு, பசங்க சந்திரகிரிக்குப் போயிருக்காங்க. குகைக்கு."

எந்தக் குகை என்று அவன் கேட்கவில்லை. "அதுங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"பிரவீணா படிக்கற புக்கு... நான் எழுதினது. அதுல இடது பக்கம்னு எழுதிட்டேன்."

"இடதா? அது கெணறாட்டம் பள்ளமாச்சே! இன்னாத்துக்குக்கா அப்டி எழுதின?"

பதிலுக்கு நிற்காமல் பூஜையிலிருந்த கயிற்றைத் தூக்கினான். கடை ஆள் கன்னியப்பன் பதறினார். "மொதலாளி, சாமிக்கு வெச்சது..."

"கோச்சிக்கட்டும்."

வண்டியை மலையடியில் போட்டுவிட்டு ஏறினோம். முள்ளில் ஏறியதில் என் புடவை கிழிந்தது. குகை அப்படியே இருந்தது. இடப்பக்கப் பிளவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் மட்டும் திரும்பி வந்தது, கீழேயிருந்து. நாவலில் மலை பெயர் சொல்லி அழைக்கும். எழுதியவளுக்கே கால் பின்வாங்கியது. பாலமுரளி கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். இறங்கத்தான்.

அப்போது வலப்பக்கத்திலிருந்து, "அப்பா..."

தருணின் கால் மாட்டியிருந்தது. அதே இடம். பின்னால் பிரவீணா அவனை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கத்திக் கத்திக் குரலே இல்லை. செருப்பு வாரை அறுத்ததும் கால் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் நான்தான் திட்டினேன். "கீழ போய் யாரையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"இவன தனியா உட்டுட்டா? எப்டி அத்தை?"

பாலமுரளி கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

ஏன் வலப்பக்கம் போனாய் என்று பிரவீணாவைக் கேட்டேன்.

"குகைக்குள்ள சாயங்கால வெயில் விழுந்து மணி மின்னுதுன்னு போட்ருக்குது. உள்ள போனா இடது கை கெழக்கு. அங்க எப்டி சாயங்கால வெயில் வரும்? எழுதினவங்களுக்குத் தெசையே தெரில அத்தை."

பக்கத்தை மாற்றியவள் வெயிலை மாற்ற மறந்திருக்கிறேன். அந்தப் பிழையில் தப்பியது இரண்டு உயிர்.

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். "அப்ப பொய் சொன்னது நீங்களா?" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பாலமுரளி கல்லாவில் உட்கார்ந்து நாவலைப் படிக்கிறான். விரல் வைத்து, வரி வரியாக. நான் கடைப் பக்கம் போவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் கேட்டிருந்தார்கள். மலையின் பெயர், மரம், பாறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். அக்கா ஓடிவிடுகிறாள். விளக்கு வைக்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

அனுப்புமுன் பாலமுரளியிடம் கொடுத்தேன். கடையில் நின்றபடியே படித்தான். நடுவில் ஒருவர் ஆணி கேட்டு வந்தார். நிறுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி படித்தான்.

தாளைத் திருப்பித் தந்தான். "விளக்கு வெக்கிற வரைக்கும்லாம் இல்லக்கா. அவ்ளோ நேரம் ஆவல."

அவ்வளவு நேரம் ஆயிற்று. இருவருக்கும் தெரியும்.

அந்த வரியை அடிக்காமல் அனுப்பிவிட்டேன்.