என் அண்ணன் காட்டிய மருத்துவர்

அக்டோபர் 3

பள்ளி திறந்ததிலிருந்து என் மூக்குக் கண்ணாடிக் கடையில் நெரிசல். கரும்பலகை தெரியவில்லை என்று வரும் பிள்ளைகள், கண்ணாடி வேண்டாம் என்று அழும் பிள்ளைகள். மதியம் கதவைச் சாத்திவிட்டு ஏதென்ஸில் ஓர் ஆலோசகருக்கு மறுபடி போன் செய்தேன். வசந்த காலத்துக்கு முன் இடமில்லையாம். இன்னொரு இடத்தில் எடுத்தவர், "பையனா பொண்ணா, முதல்ல அதத் தெளிவா சொல்லுங்க" என்றார். "பொண்ணு" என்றேன். "அப்புறம் என்ன பிரச்சனை?" என்று சிரித்தார். வைத்துவிட்டேன்.

என்ன பிரச்சனை? என் பிள்ளை தனாயிக்குப் பதினாறு வயது. பிறந்தபோது மகன் என்றார்கள், ஞானஸ்நானத்தில் ஒரு பெயரும் வைத்தோம். அந்தப் பெயருக்கு அவள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை. போன வசந்தத்தில் காரில் வரும்போது சொன்னாள்: "நான் பொண்ணும்மா. ரொம்ப நாளாவே." அன்று முதல் அவளுக்கு ஒரு நல்ல ஆலோசகரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வோலோஸில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் அவர் வீட்டுப் படியேறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அக்டோபர் 8

பந்தெலிஸ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

எவ்வளவு நாள் பயந்தேன்! கேட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய் சிகரெட் பற்ற வைத்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டார். "நீ ஒத்தையா அலஞ்சியா இத்தன மாசம்? என்கிட்ட விடு, ரோயி. நான் குழந்த டாக்டர். எனக்கு ஆள் தெரியாதா?"

என் கணவர் ஸ்டெலியோஸ் பைக் விபத்தில் போனபோது தனாயிக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு பள்ளிக் கூட்டம், காய்ச்சல், சைக்கிள், கணக்குப் பாடம் எல்லாம் அண்ணன்தான். இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

அக்டோபர் 15

ஆள் கிடைத்துவிட்டார். தெசலோனிகியில் ஜெர்வாஸ் என்று ஒரு மருத்துவர். "இந்த மாதிரி பிள்ளைங்கள நிறைய பாத்தவர்" என்றார் அண்ணன். சனிக்கிழமைகளில் போக வேண்டும்.

தனாயி கேட்டாள்: "மாமாகிட்ட என் பேர சொன்னியா?"

"சொன்னேனே."

"அந்தப் பேர்ல கூப்பிட்டாரா?"

"பழகணும்ல?"

"ம். பழகட்டும்" என்று சிரித்தாள்.

நவம்பர் 4

முதல் சந்திப்பு. நீல ஸ்வெட்டர், விரல்களில் செர்ரி நிறப் பூச்சு. எதிரில் இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது, "அப்பாவப் பத்தித்தான் நிறைய கேட்டார்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். கேட்கவில்லை.

நவம்பர் 25

விரல் பூச்சைக் காணோம். சாப்பாடு பாதி தட்டில் நிற்கிறது. அண்ணனிடம் கவலையாகச் சொன்னேன். "ஆலோசனைன்னா அப்படித்தான். முதல்ல உள்ள இருக்கறதெல்லாம் கிளறி விடும். அப்புறம்தான் தெளியும்." அதையே தனாயியிடம் சொன்னேன், என் சொந்தக் கருத்து போல. என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

டிசம்பர் 9

சமையலறைக் கத்தரிக்கோலால் முடியை வெட்டிப் போட்டிருக்கிறாள். ஒன்றரை வருடமாக வளர்த்த முடி. குளியலறைத் தொட்டி முழுக்க.

"ஏன்மா?" என்றேன்.

"நீ கேக்குறியா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? வேறு யார் கேட்க வேண்டும்?

டிசம்பர் 16

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காப்பிக் கடை பூட்டியிருந்தது, மழை வேறு. முதல் முறையாக மேலே காத்திருப்பு அறைக்குப் போனேன். அங்கே என் வயதுப் பெண்மணி ஒருவர் பின்னிக்கொண்டிருந்தார். தோழமையாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உள்ள உங்க பையனா? எங்களுக்கு அடுத்த நேரம். என் மகன் கீழ கார்ல இருக்கான், கூப்பிட்டாத்தான் ஏறி வருவான். உங்களுக்கும் அதே பிரச்சனையா?"

நான் தலையசைத்தேன் போலிருக்கிறது.

"கவலையே படாதீங்க. ரெண்டு வருஷமா கூட்டிட்டு வர்றேன். இப்பல்லாம் பொம்பளத் துணியத் தொடறதே இல்ல. பேச்சு கொறஞ்சு போச்சு, அது உண்மைதான். சிரிக்கறதும் இல்ல. ஆனா சரியாயிட்டான். உங்கள யார் அனுப்பினாங்க?"

"என் அண்ணன். வோலோஸ்ல குழந்த டாக்டர்."

"அட, பந்தெலிஸ் டாக்டர் தங்கச்சியா நீங்க? எங்களையும் அவர்தான் அனுப்பினார்! தங்கமான மனுஷன். எங்க பையனுக்கே மறுவாழ்வு குடுத்தவர்னு வச்சுக்கோங்க."

ஊசி நிற்கவே இல்லை, பின்னிக்கொண்டே சொன்னார். நான் எழுந்து கதவைத் திறந்தேன். தட்டவில்லை.

தனாயி நாற்காலியில் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசையில் ஸ்டெலியோஸின் படம். ஜெர்வாஸ் மென்மையான குரலில், "அப்பாகிட்ட சொல்லு. உங்க மகனத் தொலைக்க மாட்டேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நேரம் முடியலம்மா" என்றார். நான் படத்தை எடுத்தேன், பிள்ளையை எடுத்தேன், அவள் மேல்கோட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் படம் என்னிடம் இருந்ததல்ல. ஸ்டெலியோஸ் தூண்டிலோடு படகில் நிற்கும் படம். அண்ணன் வீட்டு நடைவழியில் மாட்டியிருந்தது.

காரில் தனாயி கேட்டாள், "போட்டோ நீ குடுத்ததுதானே?"

"இல்லடா கண்ணா, சத்தியமா—"

"டா" என்றாள். "பாத்தியா?"

ஐயோ, அது கொஞ்சலில் வந்ததுடி. சின்னதிலிருந்து வாயில் ஊறியது. எப்படிச் சொல்வேன்? வோலோஸ் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

டிசம்பர் 17

அண்ணன் வீட்டுக்குப் போனேன். நடைவழிச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு வெளுப்பாகச் சதுரமாக.

"தெரியுமா உனக்கு? அந்த ஆள் என்ன பண்றான்னு தெரிஞ்சா அனுப்பின?"

"தெரிஞ்சுதான் அனுப்பினேன். உக்காரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அவ்வளவுதான். "அதான்." பல் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பது போல.

"நீ அவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவ, ரோயி. யாராவது ஒருத்தர் பெரியவங்களா இருக்கணும்ல? நாளைக்கு உடம்பக் கெடுத்துட்டு வந்து நின்னா யார் பாக்கறது? ஸ்டெலியோஸ் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"செத்தவர உன் பக்கம் இழுக்காத."

"நான் அவன நேசிக்கறேன்."

"அவள" என்றேன்.

அவர் எனக்குக் காப்பி ஊற்றினார். இருவருக்கும் எப்போதும் போடும் அளவுச் சர்க்கரையும் போட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால், கத்தியிருந்தால், ஒரு எதிரியைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். அவர் என் அண்ணனாகவே இருந்தார்.

டிசம்பர் 18

இரிதா கடைக்கு வந்தாள். தனாயியின் தோழி, நேராகப் பேசும் பிள்ளை. "ஆன்ட்டி, நீங்க கேட்டீங்கன்னுதான் அவ போனா, தெரியுமா?" என்றாள்.

முதல் சந்திப்புக்கு முந்தைய நாள் அண்ணன் தனாயியைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார்: "உங்கம்மாவுக்கும் இதுதான் ஆச. வாய் விட்டுச் சொல்ல மாட்டா, உடஞ்சு போவா. அவளுக்காக முயற்சி பண்ணு."

எனக்காக. என் பிள்ளை வாரா வாரம் எனக்காகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரில் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "நீ கேக்குறியா?" — இப்போது புரிகிறது.

தனாயியின் அறைக் கதவுக்கு வெளியே நின்று எல்லாம் சொன்னேன். உள்ளிருந்து, "மாமாவும் இப்படித்தான் அழகா பேசுவார்" என்று மட்டும் வந்தது.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். தனாயி இரிதா வீட்டில் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

ஜனவரி 12

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் குழு ஒன்று இருக்கிறது. அதில் பத்ராவிலிருந்து ஒருவர், பஸ் ஓட்டுகிறாராம், என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஒரு திருநம்பி மகன். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"லாரிசால மிர்த்தோன்னு ஒரு உளவியலாளர் இருக்காங்க. நம்பர் தர்றேன். ஆனா ஒண்ணு, நீங்க பேசி முடிவு பண்ணாதீங்க. பிள்ள கையில குடுத்துடுங்க."

எண்ணைத் தனாயியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீ வெளிய போ. நான் பேசற வரைக்கும் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தேன். காற்று அறைந்தது. "வரலாம்" என்று செய்தி வந்தபோது காது உணர்வில்லாமல் போயிருந்தது.

ஜனவரி 27

லாரிசா. திரும்பி வந்து காரில் ஏறியதும், "பசிக்குது" என்றாள். கடையில் இறைச்சிச் சுவ்லாக்கி இரண்டு சாப்பிட்டாள், என்னுடையதில் பாதியும். பெல்ட் போடும்போது சொன்னாள்: "என் பேர எப்படி எழுதணும்னு கேட்டாங்க. ஒரே ஒரு தடவ கேட்டாங்க. அதுக்கப்புறம் தப்பே வரல."

என்னை நம்புகிறாளா? தெரியாது. பசித்தால் என்னிடம் சொல்கிறாள். இன்றைக்கு அது போதும்.

பிப்ரவரி 20

இன்று மிர்த்தோ என்னையும் பார்த்தார், தனாயி அனுமதித்த பிறகு. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் ஜெர்வாஸ் செய்வது சட்டத்தில் தடை செய்யப்பட்டது, புகார் கொடுக்கலாம் என்றார். கட்டாயமில்லை என்றும் சொன்னார்.

"நான் குடுக்கணும்னு நெனைக்கறேன்" என்றாள் தனாயி. "கீழ கார்ல ஒரு பையன் உக்காந்திருப்பான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்ப்பேன்." பிறகு என்னைப் பார்க்காமல், "மாமா பேரும் வரும். நீ குடுக்க மாட்ட" என்றாள்.

 என்ன சொன்னாலும் அழகான பேச்சாகிவிடும்.

பிப்ரவரி 23

வழக்கறிஞர் கேட்டார்: அனுப்பியவர் யார்? முழுப் பெயர் சொன்னேன். "உங்க குடும்பப் பேரும் அதேதானா?" என்று நிமிர்ந்தார். ஆமாம், அதேதான். சொந்த அண்ணன்.

தனாயி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். வெளியே வந்ததும் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். 

மார்ச் 19

அண்ணனின் போன். வாரக்கணக்கில் எடுக்கவில்லை, இன்று எடுத்தேன்.

"கூடப் பொறந்தவன விசாரணையில நிறுத்திட்டியே. இத்தன வருஷம் உங்க ரெண்டு பேருக்காகவும்தானே ஓடினேன்? இப்படி ஒரு துரோகமா?"

துரோகமாம். நான் செய்ததாம். அவர் அழுதார். பொய் அழுகை இல்லை, அவர் அழுகை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் ஓடினார் என்பதும் பொய்யில்லை. எல்லாம் நிஜம், அதனால்தான் இப்படி வலிக்கிறது.

மே 5

ஈஸ்டர். அண்ணன் இல்லாத முதல் ஈஸ்டர். ஆட்டுக்குட்டியைச் சுடுவது எப்போதும் அவர் வேலை. எனக்குத் தீ மூட்டவே வரவில்லை. தனாயி புகையில் இருமிக்கொண்டே, "விடும்மா, ஆம்லெட் போடு" என்றாள். ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டைகளை மோதி உடைத்தோம். முற்றத்தில் மூன்றாவது நாற்காலியை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஜூன் 11

ஏதென்ஸில் ஹார்மோன் மருத்துவர். மிர்த்தோ அனுப்பியது. எது செய்தால் மீள முடியும், எது செய்தால் முடியாது, எதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அவசரமில்லாமல் விளக்கினார். தனாயி கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரே கேள்விதான்.

"தப்பாப் போனா?"

"அதுக்குத்தான் மெதுவா போறோம்" என்றார். "ரத்தப் பரிசோதனை முடியட்டும். செப்டம்பர்ல மறுபடி பேசலாம்."

இதைத்தானே அன்றும் கேட்டேன்? இவ்வளவுதானே வேண்டியிருந்தது? நேராகப் பேசும் ஒரு ஆள்.

செப்டம்பர் 24

சிகிச்சை தொடங்கியாயிற்று. கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டு, "ஒண்ணும் மாறல" என்று சலித்துக்கொள்கிறாள். முதல் நாளே என்ன மாறும், பைத்தியம்.

அக்டோபர் 22

கடை மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் அண்ணன் வந்தார்.

ஜெர்வாஸ் இப்போது ஆட்களைப் பார்ப்பதில்லை, வழக்கு நடக்கிறது. அண்ணனிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். மெலிந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது.

"வேற கடைக்குப் போயிருக்கலாம்" என்றேன்.

"போயிருக்கலாம்" என்றார்.

உட்காரச் சொன்னேன். புதுச் சட்டகத்தை மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தருகே குனிய வேண்டும், காதுக்குப் பின்னால் விரல் வைக்க வேண்டும், கண்ணுக்குள் பார்க்க வேண்டும். எல்லாம் செய்தேன். மற்றவர்களுக்குச் செய்வது போலவே. அவர் இமைக்கவில்லை.

"தனாயி எப்படி இருக்கா?" என்றார்.

தனாயி. இருக்கா. இந்த இரண்டு சொல்லையும் அவர் வாயால் கேட்க ஒரு வருடம் ஏங்கியிருந்தேன். கேட்டதும் உள்ளே ஏதாவது உடையும், உருகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காதுக்குப் பின்னால் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"நல்லா இருக்கா" என்றேன். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோங்க."

என் வாழ்நாளில் அவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவருக்கும் அது கேட்டது. நூல் கட்டிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் பயறு சூப். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் எதையும் மறைப்பதில்லை. தனாயி கரண்டியை வைத்தாள்.

"என்னப் பத்தி கேட்டாரா?"

"கேட்டார். உன் பேரச் சொல்லித்தான் கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"'நல்லா இருக்கா' அப்படின்னு சொன்னேன்."

கரண்டியை மறுபடி எடுத்தாள். 

"சரிதான்" என்றாள். "உண்மையத்தான் சொல்லியிருக்க."

பிறகு தட்டை நீட்டினாள், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி.