பச்சை வராத கோடை

பிப்ரவரி 9

இன்றும் சிவப்பு. நாளைய தீ அபாயத்துக்கு ஒரு நிறம் முடிவுசெய்து அறிவிப்பது என் வேலை. பச்சை என்றால் மட்டுமே புல்வெளிப் பண்ணைக்காரர்கள் வீட்டைச் சுற்றி ஒரு பட்டை எரித்துக் கரியாக்கலாம். பெருந்தீ வந்தால் அந்தக் கரியைத் தாண்டாது. பருவம் தவறிப் பெய்த மழையில் புல் இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. மாட்டுக்காரர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்போது அத்தனையும் காய்ந்து நிற்கிறது.

அக்கா போன் செய்தாள். "உங்க அத்தான் பட்டை எரிக்கணும்னு குதிக்கிறார்டா." பொறுக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 14

அத்தான் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"மாப்ளே, ஒரே ஒரு நாள் பச்சை போடு. சாகுற வரைக்கும் உன் பேரச் சொல்லிட்டு இருப்பேன்."

முன்பெல்லாம் விடிகாலையில் காற்று அடங்கும், புல்லில் பனி ஈரம் இருக்கும். இரண்டும் இந்த வருடம் இல்லை. இந்த நிலையில் குச்சி கிழித்தால் பட்டை எரியாது, ஊர் எரியும். சொன்னேன். "நீ தீ ஜோசியம் பாக்க வர்றதுக்கு முன்னாடியே நாங்க எரிச்சிட்டுதான் இருந்தோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எல்லார் முன்னாலும், "உங்க மாட்டுக்கு இருக்கிற புத்திகூட உங்களுக்கு இல்லையே அத்தான்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

பிப்ரவரி 15

சிவப்பு.

பிப்ரவரி 20

அக்காவின் பக்கத்துப் பண்ணைக்காரர் - ஊரே 'கொள்ளி' என்று கூப்பிடும் ஆள் - அனுமதியில்லாமல் பட்டை எரித்துவிட்டார். தீ பரவாதது அவர் அதிர்ஷ்டம். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காதவருக்கு என்ன மரியாதை? நானே புகார் கொடுத்தேன். அபராதம் போட்டார்கள்.

அக்கா அத்தானிடம் சத்தியம் வாங்கிவிட்டாளாம். தம்பி பச்சை போடாமல் குச்சியைத் தொடக் கூடாது. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 1

சிவப்பு. "இந்த வருஷம் பச்சையே வராதா?" என்றார் இயக்குநர்.

"வராது சார்."

"அப்போ பட்டை எரிக்காத வீடெல்லாம்?"

கணிப்பது மட்டும்தான் என் வேலை என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு வேறு ஃபைலை எடுத்தார்.

மார்ச் 6

எங்கோ மின்கம்பி அறுந்து விழுந்து புல் பற்றிக்கொண்டிருக்கிறது. காற்று அக்கா வீட்டுப் பக்கம். போன் போகவில்லை.

மார்ச் 7

அத்தான் போய்ட்டார்.

தொழுவத்தைத் திறந்துவிட ஓடினாராம். திறந்தும் விட்டுட்டார். மாடுங்க தப்பிச்சு ஓடிருச்சு. அவர் திரும்பி வர வழியில்லை - நாலு பக்கமும் புல், கரியா ஒரு முழம் இடம் இல்லை. எப்படி இருக்கும்? நான்தானே விடல.

ஆனா நான் சொன்னது சரி. ஒவ்வொரு நாளும் சரி. சரியா இருந்து என்னத்தக் கிழிச்சேன்?

அக்கா கொள்ளி எரித்த பட்டைக்குள் போய் நின்று பிழைத்தாள். அவர் வீட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மார்ச் 18

அலுவலகத்தில் பாராட்டுக் கூட்டம். "இந்த வருஷம் ஒரு நாள்கூட இவர் கணிப்பு தப்பல" என்றார் இயக்குநர். கை தட்டினார்கள். வெட்கம் கெட்டவன், எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

மார்ச் 25

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். பேசாமல் இல்லை, சாப்பிட்டாயா, விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்பாள். அது போதாமல் இன்று நானே வாயைக் கொடுத்தேன். என் மேல் கோபமா என்று கேட்டேன்.

"உன் மேல எதுக்குடா? நீ உன் வேலையப் பாத்தே. உன் பேச்சைக் கேளுங்கன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினது நான்தானே."

அடித்திருக்கலாம்.

மார்ச் 29

அக்கா கிளம்பிவிட்டாள். கொள்ளியும் அவர் மனைவியும் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். நானே காரில் கொண்டுபோய் விட்டேன். என் வீட்டில் என்ன குறை என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். இறங்கும்போதுதான் பதில் வந்தது.

"உன் வீட்டுப் பின்னாடி காலி மனை முழுக்கப் புல்லுடா. இங்க சுத்தி கரியா இருக்கு. எனக்குத் தூக்கம் வரும்."

கொள்ளி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். என்னையும் உள்ளே வரச் சொன்னார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாளைக்கும் சிவப்புதான் போட்டிருக்கிறேன்.