பெரிய திரையில் நீங்கள்

என் அன்பானவருக்கு,

போனில் சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் றொகானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கருவாடும் இருக்கிறது.

போன மாதம் மன்னாரில் எங்களுக்குப் பயிற்சி. இனி வகுப்பில் கரும்பலகைக்குப் பதிலாகச் சுவரளவு தொடுதிரையாம். முதல் ஆளாக என்னையே கூப்பிட்டார்கள். "போனை இதோட இணைச்சு ஆருக்காவது வீடியோ கோல் எடுங்கோ ரீச்சர்" என்றார் பயிற்சி தந்தவர். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உங்களுக்குத்தான் எடுத்தேன்.

"என்னப்பா, இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று சிரித்தீர்கள், மண்டபம் நிறைய ரீச்சர்மார் பார்த்துக்கொண்டிருப்பது தெரியாமல்.

கொஞ்ச நாளாகப் போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துத்தான் பேசுகிறீர்கள். என் சின்னப் போனில் முகம் மட்டும்தான் தெரியும். அந்தப் பெரிய திரையில் முகத்துக்குப் பின்னால், ஓரத்தில், கட்டிலும் தெரிந்தது. கட்டிலோடு சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல்களும் தெரிந்தன. "காணும் ரீச்சர், வடிவாய்ப் பழகிட்டியள்" என்று பயிற்சி தந்தவரே மெல்ல இணைப்பைக் கழற்றினார்.

அவை பக்கத்துக் கட்டில்காரருடையவையாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் இருந்த மூன்று படிகளையும் இடித்துவிட்டு, சரிவாகச் சீமெந்து போடுவித்தேன். "இப்பிடிப் போட்டா ஊர்க் கழுதையெல்லாம் உள்ளுக்கு ஏறி வந்திடும் ரீச்சர்" என்றார் மேசன்.

"ஆர் வந்தாலும் சுகமா ஏறி வரட்டும்" என்றேன்.

சீமெந்து காய்ந்துவிட்டது. வாங்கோ.

உங்கள் ரீச்சர்