ஆளில்லாத குளம்

1988 கார்த்திகை, வெள்ளி. பிராண்டே, டென்மார்க்.

இன்று நூலகத்தில் ஒரு டேனிஷ்காரர் இலங்கையில் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். அறைத்தோழன் ரவியோடு போயிருந்தேன். யானை, தேயிலைத் தோட்டம், பிறகு காடு சூழ்ந்த ஒரு குளம். "வடகிழக்கு எல்லைப்புறம். மனிதர் கால்படாத நிலம்," என்றார்.

அது எங்கள் ஊர்க் குளம். ஆமிக்காரர் துவக்கோடு வந்து துரத்தும்வரை அதன் தண்ணீரில்தான் நெல் விதைத்தோம்.

ரவி என் கையைப் பிடித்தான். "பேசாம இரு மச்சான். உன்ர மனுசியின்ர விசா இழுபடுற நேரம் ஏன் சோலி?"

நான் எழும்பிவிட்டேன். தெரிந்த டேனிஷில், "அங்கே நாங்கள் வாழ்ந்தோம். எங்களைத் துரத்திவிட்டார்கள்," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "நான் போனபோது ஒருவரும் இல்லையே," என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

வெளியே வரும்போது, என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் தோளைத் தொட்டாள். "எவ்வளவு அமைதியான இடம்! உன் மனைவி ஊருக்குத் திரும்பிப் போகலாமே?" அன்பாகத்தான் கேட்டாள்.

ரவி தூங்கிவிட்டான். எனக்கு நித்திரை இல்லை. என் மனைவி இன்னும் முல்லைத்தீவில், அகதிகள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறாள். கொப்பன்ஹேகனில் அவளுடைய விசா விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி, எங்கள் ஊரை எந்தப் படத்தில் பார்த்திருப்பாரோ.