சதைதான், இருதயம் இல்லை

கார்த்திகை 9, வெள்ளி

இன்று எங்கள் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட எங்கள் வீட்டுக்கு முறை வரும் நாள். இறால் ஓடுகிற நேரம். அதைத் தம்பி ஏழுமலை கெடுத்துவிட்டான்.

போன வாரம் சேற்றில் மாட்டிய படகைக் கழி ஊன்றித் தள்ளும்போது எனக்கு மார்புச் சதை பிடித்துக்கொண்டது. மீஞ்சூர் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல, சதைதான்" என்றார். கொஞ்ச நாள் பாரம் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் படகில் உட்கார்ந்திருப்பது, மச்சானும் தம்பியும் வலை போடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

இவனோ காலையில் ஊர்க்கூட்டத்தில் போய், "அண்ணனுக்கு ஹார்ட்டு. தண்ணில வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று அழுதிருக்கிறான். பாசமாம்! பெரியவர்கள் எங்கள் முறையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். விட்ட பாடு திரும்பாது. இனி முறை ஊர் முழுக்கச் சுற்றி வந்தால்தான் எங்களுக்கு.

மாலையில் எல்லார் முன்னாலும் போய்க் கேட்டேன். "இன்னாடா, எனக்கு ஹார்ட்டா? டாக்டர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் சதை சுண்டி இழுத்தது. கை தானாக நெஞ்சைப் பிடித்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றான் தம்பி. நாலு பேர் என்னைத் தூக்கி வந்து வீட்டில் போட்டார்கள்.

இப்போது என் மனைவி விளக்கை அணைக்காமல், எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவளையாவது திட்டலாம் என்றால் அதற்கும் நெஞ்சு விடமாட்டேன் என்கிறது.